பாலைவழியும் உள்ளவழியும்

யாத்திரை என்பது காலால் நடக்கும் நடையை மட்டுங் குறிப்பதன்று. உள்ளம் ஒரு நிலையினின்றும் மற்றொரு நிலைக்கு உயர்வதும் யாத்திரையேயாம். இதனை விளக்குதற்கு விவிலியத்தின் யாத்திராகமம் கூறும் பயணம் ஏற்றதோர் எடுத்துக்காட்டு. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை மோசே மீட்டுக் கானான் நாடு நோக்கி நடத்திச் சென்ற வரலாறு அது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய எம் ஊர்களில் மூஸா நபியின் வரலாறாக இதனைச் சிறுவரும் அறிவர்.

ஓரேபு மலையினின்று கானான் எல்லையை அடுத்த காதேசுக்குப் பதினொரு நாள் வழியே என்கின்றது உபாகமம். அவர்கள் பாலையில் அலைந்ததோ 40 ஆண்டுகள். தூரம் இதற்குக் காரணமன்று. அச்சமும் பழக்கமுமே காரணம். பாலையில் அவர்கள் எதற்கு ஏங்கினர்? எகிப்தில் உண்ட மீனுக்கும் வெள்ளரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஏங்கினர். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமும் அவர்கள் வெள்ளரியும் பூண்டும் பருப்பும் வெங்காயமும் வேண்டியதைக் கூறும். சாட்டையடி மறந்து போயிற்று. நாவின் சுவை மறக்கவில்லை. கையிற் பூட்டிய விலங்கு ஓரிரவிற் கழன்றது; மனத்திற் பூட்டியது கழலவில்லை.

வானினின்று கிடைத்த மன்னா என்னும் உணவையும் நோக்குக. அன்றன்றைக்கு வேண்டிய அளவே அதனைச் சேர்த்தல் வேண்டும். ஓய்வுநாளுக்கென வைத்ததொழிய, மறுநாளைக்கென வைத்தது புழுத்தது. நேற்றைய வழிபாடு இன்றைய உள்ளத்துக்கு உணவாகாது என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

இவ்வாறு அகப்பொருள் காணல் புதிதன்று. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரிய அறிஞர் ஒரிகன், எண்ணாகமம் நிரல்படக் கூறும் 42 பாளையங்களையும் ஆன்மா ஏறும் படிகளாக விளக்கினார். தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கிலப் புலவர் பனியனின் நூலைத் தழுவி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும் ஆன்ம யாத்திரையைப் பாடுங் காப்பியமே. அதன் ஐந்து பருவங்களுள் ஒன்று ஆரணிய பருவம். வீடுபேற்றை நாடுவோன் காட்டைக் கடந்தே செல்லல் வேண்டும். சைவர் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனவும், சூபியர் ஷரீஅத், தரீகத், ஹகீகத், மஃரிபத் எனவும் படிமுறை வகுத்தமையும் இக்கருத்துப் பற்றியே.

அகப்பொருள் கொள்ளின் வரலாறு பொய்யாகிவிடாதோ எனச் சிலர் வினவுவர். ஆகாது, ஒன்று நிகழ்ந்ததாகவும் இருக்கலாம், நம்மிடத்து நிகழ்வதாகவும் இருக்கலாம். மாறாக, புறப்பொருளை மட்டும் பற்றுவதிலே பெருந்தீங்குண்டு. கானானில் நடந்த போர்களைச் சான்று காட்டி அயலார் நிலத்தைக் கவர்ந்தோர் உலக வரலாற்றில் உளர். ஒரிகனோ அப்போர்களை உட்பகையோடு பொருதும் போர்களாகக் கொண்டார். நப்ஸை அடக்குதலே பெரும் போர் என்பர் சூபியர். மும்மலம் களைதலே வெற்றியென்பர் சைவர். அகப்பொருள் கண்டவன் அயலான்மேல் வாளோங்கான். தன் சினத்தின்மேல் ஓங்குவான். பல சமயத்தாரும் வேலிக்கு வேலி அடுத்து வாழும் இக்கரையில் இவ்வுணர்வு இன்றியமையாதது.

மோசே நேபோ மலையினின்று கானானைக் கண்டாரேயன்றி அதனுட் புகுந்தாரல்லர். ஆயினும் அவர் நடந்த நடை வீணென்பார் யாருமிலர். எனவே, மாணவர்காள், நீவிர் சென்றடைந்த இடத்தைக் கொண்டு உம்மை அளவாதீர். எப்பழக்கத்தைப் பின்னே விட்டு வந்தீர் என்பது கொண்டு அளமின்.