வளையத்தை வெட்டாதீர்கள்

செப்பேடு அகப்பட்ட வீட்டில் முதலில் நடப்பது கழுவல். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பச்சைக் களிம்பைப் போக்குவார்கள். பிறகு ஏடுகளைப் பிரித்துப் பார்க்க வசதியாக வளையத்தை அறுப்பார்கள். எல்லாம் அரை மணி நேர வேலை. அந்த அரை மணியில் செப்பேட்டின் சாட்சியம் பாதி போய்விடுகிறது. எழுத்து அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த எழுத்தை நம்பலாமா என்று சொல்லக்கூடியவை எழுத்துக்கு வெளியேதான் இருந்தன.

வளையம் வெறும் கட்டுக்கம்பி அல்ல. ஏடுகளில் துளையிட்டு, வளையத்தைக் கோத்து, அதன் இரு முனைகளையும் இணைத்து, இணைப்பின்மேல் அரச முத்திரையைப் பதிப்பார்கள். பல்லவருக்குக் காளை, பாண்டியருக்குக் கயல், சோழருக்குப் புலியும் அதனருகே இரு மீன்களும் வில்லும். முத்திரையை உடைக்காமலோ வளையத்தை அறுக்காமலோ ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. பத்திரத்தின் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குகிறோமே, அந்தக் காரியத்தைத்தான் அந்த ஒற்றை வளையம் செய்தது. செப்பேடுகளைப் பதிப்பித்த கல்வெட்டு அறிஞர்கள், ஏடுகள் தங்கள் கைக்கு வந்தபோது வளையம் வெட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பதை முதலிலேயே குறித்துவைப்பது இதனால்தான்.

இந்த முன்னெச்சரிக்கை எதற்கு? மோசடி நடந்தது என்பதற்காக. அதுவும் அந்தக் காலத்திலேயே.

உத்தரப் பிரதேசத்தின் மதுபனில் கிடைத்த மன்னர் ஹர்ஷரின் செப்பேட்டின் காலம் ஏறக்குறைய கி.பி. 631. சோமகுண்டகை என்ற ஊரை வாமரத்யர் என்னும் பிராமணர் ஒரு கள்ள சாசனத்தைக் காட்டி அனுபவித்துவந்தார் என்றும், அந்தச் சாசனத்தை உடைத்து, ஊரைப் பறித்து, வேறு இருவருக்குக் கொடுத்ததாகவும் ஹர்ஷரே அதில் சொல்கிறார். அரச சாசனத்தைப் பொய்யாக உண்டாக்குபவனுக்கு மனுஸ்மிருதி மரண தண்டனை விதிக்கிறது. அபூர்வமாக நடக்கும் குற்றத்துக்கு அவ்வளவு கடுமை தேவைப்பட்டிருக்காது. தானம் பெற்ற நிலம் பெரும்பாலும் இறையிலி. வரியில்லா நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்க ஒரு செப்புத் தகடு போதும் என்றால் ஆசை யாரை விட்டது? நிலத்தைப் பறிப்பவன் அறுபதாயிரம் ஆண்டு மலப்புழுவாகக் கிடப்பான் என்ற சாபம் ஏட்டின் முடிவில் வழக்கமாக வரும். கள்ளப் பத்திரம் எழுதியவனும் அதே சாபத்தை வரி பிசகாமல் எழுதித்தான் முடித்திருக்கிறான்.

குப்த மன்னர் சமுத்திரகுப்தர் பெயரில் கயையில் கிடைத்த செப்பேட்டை ஆராய்ந்த கல்வெட்டு அறிஞர் ஃப்ளீட் அதைப் போலி என்றார். அவர் காட்டிய காரணம் இலக்கணம். மன்னரின் விருதுப்பெயர்கள் ‘இன்னாருடைய’ என்று வேற்றுமை உருபு ஏற்று வருகின்றன, பெயர் மட்டும் எழுவாயாக நிற்கிறது. சமுத்திரகுப்தரின் வாரிசுகள் வெளியிட்ட சாசனங்களில் அவர் ‘இன்னாருடைய மகன்’ என்ற தொடருக்குள் வருவார். அங்கிருந்து பார்த்து எழுதியவர் பெயரைத் திருத்தினார், விருதுகளைத் திருத்த மறந்துவிட்டார். நாளந்தாவில் கிடைத்த இன்னொரு சமுத்திரகுப்தர் ஏட்டிலும் இதே வழுக்கல் உண்டு. பழைய ஆவணம் தொலைந்ததால் பின்னாளில் எழுதிக்கொண்ட படிகள் இவை என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது ஃப்ளீட் சொன்ன இன்னொரு செய்தி: கயை ஏட்டின் முத்திரை அசலாக இருக்கலாம், வேறொரு மெய்யான ஏட்டிலிருந்து கழற்றி இதில் ஒட்டியிருக்கலாம். அதாவது, எங்கோ ஒரு நல்ல செப்பேட்டின் முத்திரை கழன்றதால்தான் இந்தக் கள்ள ஏட்டுக்கு மரியாதை கிடைத்தது.

சந்தேகப்படுவதிலும் நிதானம் வேண்டும். எழுத்து பிந்திய காலத்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஏட்டைத் தள்ளிவிட முடியாது. இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் நிதன்பூரில் கிடைத்தவை காமரூப மன்னர் பாஸ்கரவர்மனின் செப்பேடுகள். அவருடைய முன்னோர் பூதிவர்மன் கொடுத்த தானத்தின் ஏடுகள் தீயில் அழிந்ததால் மறுபடி எழுதப்பட்டவை. எரிந்தபின் புதிதாக எழுதியதால்தான் எழுத்து வேறுபடுகிறது, எனவே இவை போலி அல்ல என்று ஏட்டிலேயே ஒரு சுலோகம் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகம் வரும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. நம் ஆனைமங்கலம் செப்பேடும் இப்படித்தான். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஊரைக் கொடுத்தவர் ராஜராஜர், ஏட்டில் வெட்டுவித்தவர் ராஜேந்திரர், முத்திரையும் ராஜேந்திரருடையது. வளையத்தில் 21 ஏடுகள், 5 சமஸ்கிருதம், 16 தமிழ், எடை சுமார் 30 கிலோ. கொடுத்த ஊர் 97 வேலிக்குச் சற்று மேல், அதன் நெல் வருவாய் 8,943 கலத்துக்கும் அதிகம். அந்த ஏடுகள் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ‘லெய்டன் செப்பேடு’ என்றே பெயர் வாங்கிக்கொண்டன.

இந்தச் சோழர் ஏடுகளை நம்ப வைப்பது செம்பு அல்ல, அதற்குப் பின்னால் நிற்கும் நடைமுறை. மன்னர் வாய்மொழியாகச் சொன்னது ஓலையாகிறது, ஓலைநாயகம் என்னும் அதிகாரி சரிபார்க்கிறார், வரிப்புத்தகத்தில் ஏறுகிறது, ஓலையை நாட்டார் தலைமேல் வைத்து வாங்குகிறார்கள், பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். செப்பேடு இத்தனைக்கும் கடைசியில் வந்த படி. வேள்விக்குடிச் செப்பேட்டிலும், களப்பிரர் காலத்தில் பறிபோன ஊர் தன்னுடையது என்று ஒருவர் முறையிட்டபோது, பாண்டியன் நெடுஞ்சடையன் உடனே ஊரைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பழைய உரிமையை நாட்டார் வழியாக நிரூபிக்கச் சொன்னார்.

இன்று நாம் அவ்வளவுகூடக் கேட்பதில்லை. ‘எங்களிடம் செப்பேடே இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. கோயில் முதல் மரியாதைக்கும் சமூகத்தின் பூர்வ பெருமைக்கும் காட்டப்படும் செப்பேடுகளில் பல, மூவேந்தர் பேரைச் சொல்லிக்கொண்டு 17, 18ஆம் நூற்றாண்டுத் தமிழில் பேசுகின்றன. சக ஆண்டு ஒன்றைச் சொல்லும், அறுபதாண்டு வட்டத்துப் பெயர் வேறொன்றைச் சொல்லும், கிழமையும் நட்சத்திரமும் இரண்டோடும் ஒட்டாது. பஞ்சாங்கக் கணக்குத் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை. இவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எழுதப்பட்ட காலத்தில் யார் எதற்கு உரிமை கோரினார்கள் என்று அறிய இவைதான் நல்ல சான்று. சோழர் காலத்துக்கு மட்டும் சான்றாகாது.

விற்க வரும் ஏடுகள் வேறு வகை ஆபத்து. வெட்டுக்கோட்டின் பள்ளத்துக்குள்ளும் மேற்பரப்பிலும் களிம்பு ஒரே சீராக ஓடியிருக்கிறதா, அல்லது பழைய தகட்டில் புதிதாகக் கீறியதா என்று பார்த்தால் பல போலிகள் பிடிபடும். புளி போட்டுத் தேய்த்த ஏட்டில் இந்தச் சோதனையே செய்ய முடியாது. களிம்பைத் துலக்கிய கை, தன் ஏடு அசல் என்று காட்டும் வழியையும் சேர்த்துத் துலக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு இரிடியம் பைத்தியம். இடி விழுந்த பழஞ்செம்பு இரிடியமாகி அரிசியை இழுக்கும், கோடிக்கு விலைபோகும் என்ற ‘ரைஸ் புல்லிங்’ கதையை நம்பிக் கோயில் கலசங்களையே கழற்றியவர்கள் உண்டு. இரிடியம் அரிசியை இழுக்காது. ஆனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று அரத்தால் தேய்த்த இடத்தில் எழுத்து இருந்தால் அது திரும்ப வராது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த செப்பேடு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறை.

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது 22 உலோகத் திருமேனிகளும் 400க்கு மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. தகவல் உடனே அதிகாரிகளுக்குப் போனது. வீட்டுக் கொல்லையில் ஏடு அகப்பட்டாலும் செய்ய வேண்டியது இதுதான். மண்ணோடு இருந்தால் மண்ணோடு, வளையத்தோடு இருந்தால் வளையத்தோடு, உலர்ந்த பருத்தித் துணியில் வைத்துவிட்டு வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லி அனுப்புங்கள். காத்திருக்கும் நேரத்தில் கிடந்த நிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுக்கலாம். வளையத்தை எப்போது, யார் திறப்பது என்பதை வருகிறவர்கள் முடிவு செய்யட்டும்.