"நான் என்ன தப்புப் பண்ணினேன், அக்கா?"

போன மாசம் ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுக் கடை முடிந்து பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் ஓரகத்தி கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"டெஸ்ட் பண்ணினதிலே எச்.பி.வி. பாசிட்டிவ்னு வந்திருக்கு. நடத்தை சரியில்லாதவங்களுக்குத்தானே இது வரும்? நான் என்ன தப்புப் பண்ணினேன், அக்கா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு லேடி டாக்டரிடம் போனேன். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

எச்.பி.வி. என்றால் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில, வெறும் மருவோடு சரி. சில வகைகள்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. அந்த நோயில் நூற்றுக்கு எழுபது, 16, 18 என்ற எண்ணுள்ள இரண்டு வகைகளால் வருகிறது.

தாம்பத்திய உறவில் தொற்றும் இந்தக் கிருமி, ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகிறதாம். பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. அப்போதும் அது புற்றாக மாற 15, 20 வருஷம் பிடிக்கும். ஆகவே, 'பாசிட்டிவ்' என்றதும் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம்.

நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், 16 முதல் 59 வயது வரையுள்ள மணமான பெண்கள் 1,891 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. நூற்றுக்குப் பதினேழு பேருக்கு இந்தக் கிருமி இருந்தது! மேல்நாடுகளில் வயது ஏற ஏற இது குறைவதுண்டு. இங்கே எல்லா வயதிலும் ஏறக்குறைய ஒரே அளவு. 'நமக்கு வயசாச்சு, இனி என்ன' என்று இருக்க முடியாது.

படிப்புக் குறைந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், வெளித்தொடர்புள்ள கணவன் வாய்த்தவர்கள் ஆகியோரிடம் தொற்று அதிகம் இருந்தது. பாவம், அவள் ஒழுங்காக இருந்தும் வருகிறது. அதற்காக வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். பல வருஷத்துக்கு முன் தொற்றியது இப்போது தெரியவரலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

புகைபிடிப்பது, எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பது, நிறையப் பிரசவம், பல வருஷம் தொடர்ந்து கருத்தடை மாத்திரை சாப்பிடுவது ஆகியவை புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.

அதே திண்டுக்கல்லில் நர்ஸுகள், வினிகரில் இருக்கும் அமிலத்தை நீர்க்கத் தடவி, கர்ப்பப்பை வாயில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதைச் செய்ததில், இந்த நோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் வெளியிட்டார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம்.

பெண் குழந்தைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது. ஊசி போட்டிருந்தாலும் பிற்காலத்தில் பரிசோதனை அவசியம். மாதவிலக்குக்கு நடுவிலோ, உறவுக்குப் பிறகோ, மாதவிலக்கு நின்ற பிறகோ ரத்தம் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைபட்டாலும் 'சூடு' என்று மோர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓரகத்திக்குக் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்ததில் கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆமா, நீங்க எப்போ டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்க, அக்கா?"

எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தடவைகூடப் பண்ணிக்கொண்டதில்லை! அடுத்த வாரமே போய் வந்துவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீங்கள் எப்போது போகப்போகிறீர்கள்?