ஏரியில் எத்தனை பறவைகள்?

தை பிறக்கும் நேரத்தில், காலை வெயில் ஏறுவதற்கு முன் சென்னையின் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீரின் நடுவே கறுப்புக் கறுப்பாக மிதப்பவை நாமக்கோழிகள்; நெற்றியில் வெள்ளையாகப் பட்டை தெரியும். அலகு நுனியில் மஞ்சள் தீட்டினாற்போல் இருப்பது புள்ளிமூக்கு வாத்து. கோரைப் புல்லுக்குள் வாலை ஆட்டிக்கொண்டு நடப்பது நீலத் தாழைக்கோழி.

வீட்டுக்கு வந்ததும், “எவ்வளவு பறவை இருந்தது?” என்று கேட்பார்கள். “நிறைய!”, “எக்கச்சக்கம்!” என்போம். எக்கச்சக்கம் என்றால் இருநூறா, இரண்டாயிரமா? அறிவியலுக்கு அந்தப் பதில் போதாது. அதற்கு ஓர் எண் வேண்டும். அசையும், பறக்கும், முங்கும் பறவைகளை எப்படி எண்ணுவது?

முதலில் நம் கண்ணின் திறமையைத் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற அறிஞர், கையில் அகப்பட்ட அவரை விதைகளைப் பெட்டியில் வீசி, ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்லிவிட்டு, பிறகு எண்ணிச் சரிபார்த்தார். இப்படி ஆயிரம் தடவைக்கு மேல் செய்து, முடிவை 1871இல் வெளியிட்டார். மூன்று, நான்கு விதைகள் விழுந்தபோது அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்தில் தவறு தலைகாட்டியது. எண்ணிக்கை கூடக் கூடத் தவறும் கூடியது. நான்கு வரை நம் மூளைக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதற்கு மேல் எண்ணத்தான் வேண்டும். புளியங்கொட்டைகளைத் தட்டில் போட்டு நீங்களும் சோதித்துப் பார்க்கலாம்.

நானூறு பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பதற்குள் பாதி இடம் மாறிவிடும். அதனால் பறவை ஆர்வலர்கள் கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை மட்டும் நிதானமாக எண்ணுங்கள். அந்தப் பத்தும் தண்ணீரில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவு இடத்தைக் கண்ணாலேயே நகர்த்திக்கொண்டு போய், மறு ஓரம் வரை அப்படி எத்தனை துண்டுகள் என்று பாருங்கள். 38 துண்டுகள் வந்தால், சுமார் 380 பறவைகள்.

இங்கே ஒரு கவனம் தேவை. ஓரத்தில் பறவைகள் தள்ளித் தள்ளி இருக்கும். நடுவில் நெருங்கிக் கிடக்கும். ஓரத்து அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடை குறைந்துவிடும். ஆகவே நடுவிலும் ஒரு பத்தை எண்ணி அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பெரிய கூட்டத்தைப் பார்க்கும்போது பெரும்பாலோர் உள்ளதைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மூன்று பேர் தனித்தனியே எண்ணி, ஒருவர் விடையை மற்றவர் கேட்காமல் எழுதுவது நல்லது. ஒருவருக்கு 340, இன்னொருவருக்கு 380, மூன்றாமவருக்கு 420 வந்தால் சராசரி 380. குறிப்பேட்டில் “சுமார் 380, 340 முதல் 420 வரை இருக்கலாம்” என்று எழுதுங்கள். எவ்வளவு பிசகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான அளவீடு.

அடுத்து, “ஏரியில் பெரும்பான்மை எந்தப் பறவை?” என்று ஒரு கேள்வி. கணக்குக்காக, அந்த 380இல் நாமக்கோழி 170, புள்ளிமூக்கு வாத்து 120, நீர்க்காகம் 90 என்று வைத்துக்கொள்வோம். நாமக்கோழிதான் எல்லாவற்றிலும் அதிகம். ஆனால் அது பெரும்பான்மை அல்ல! 380இல் பாதி 190. பாதியைத் தாண்டி, குறைந்தது 191 இருந்தால்தான் பெரும்பான்மை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் இதே கணக்குதான். மொத்தம் 234 இடங்கள், பாதி 117, பெரும்பான்மைக்கு 118 வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாமக்கோழி திறந்த தண்ணீரில் மிதக்கிறது. எளிதாகக் கண்ணில் படுகிறது. தாழைக்கோழியோ கோரைக்குள் ஒளிந்துகொள்கிறது. நாம் எண்ணியது கண்ணில் பட்டவற்றை மட்டுமே. எங்கே நின்று, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதையும் எழுதி வைத்தால்தான், அடுத்த ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட முடியும்.

இவ்வளவு பாடு எதற்கு? எண்ணுக்கு ஓர் ஏரியைக் காக்கும் வலிமை உண்டு. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் பல நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஓர் ஈரநிலத்தில் 20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து தங்கிவந்தால், அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த இடமாக அறிவிக்கலாம் என்பது அதன் விதிகளில் ஒன்று. வேறு விதிகளும் உண்டு. நம் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர்மக்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஏரி தேறுகிறதா, நலிகிறதா என்பதற்கு, ஆண்டுதோறும் எண்ணி வைத்த பறவைக் கணக்கு நல்ல சாட்சி.

அந்தச் சாட்சியை நீங்களும் எழுதலாம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறையில், தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கரையில் ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணி, ‘இ-பேர்ட்’ இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். நீங்கள் எழுதும் எண், நாளை கொரட்டூர் ஏரியை ஆராய்பவருக்கு உதவும்.