சிக்னலில் கொதிக்கிறதா, மலையில் கொதிக்கிறதா?

வண்டிக் கணக்கு – 12

இன்ஜின் மாற்றிய கார் முதல் வாரமே கொதித்தால், பட்டறையில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "ரேடியேட்டர் பத்தல, பெருசா போட்டுடலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பழைய பெட்ரோல் அம்பாசடரில் டீசல் இன்ஜின் ஏற்றுவது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் புதிதல்ல. 1489 சி.சி. இன்ஜினுக்கு அளந்து செய்த ரேடியேட்டரின் பின்னால் 2 லிட்டர் இன்ஜினைக் கொண்டு வைத்தால், சூடு தாங்காது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறு. சென்ற வாரம் மவுண்ட், கியர்பாக்ஸ் பொருத்தங்களைப் பார்த்தோம். இந்த வாரம் சொல்ல வருவது இதுதான்: இன்ஜின் மாற்றிய வண்டி கொதித்தால் குற்றவாளி பெரும்பாலும் இன்ஜினும் அல்ல, ரேடியேட்டரும் அல்ல, இரண்டையும் இணைத்த விதம். மாப்பிள்ளையும் பெண்ணும் தங்கமானவர்கள், தகராறெல்லாம் சம்பந்திகளுக்குள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது 'எதை மாற்றலாம்' என்பதல்ல, 'எப்போது கொதிக்கிறது' என்பதே.

ஏன் 'எப்போது' என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். எரிக்கும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது, மிச்சம் ஒரு பங்கு தண்ணீருக்கு வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மணிக்கு ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் தண்ணீருக்கு வரும் வெப்பம் 17 கிலோவாட். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர் எட்டை ஒன்றாகப் போட்டதுபோல. அதே வண்டி சிக்னலில் நிற்கும்போது மணிக்கு முக்கால் லிட்டரோ கொஞ்சம் கூடவோதான் எரிக்கும். தண்ணீருக்கு வருவது 2 அல்லது 3 கிலோவாட், அதாவது ஒரே ஒரு கீசர். நெடுஞ்சாலையில் எட்டுக் கீசர் சூட்டைத் தாங்கும் ரேடியேட்டர், சிக்னலில் ஒரு கீசர் சூட்டுக்குத் தோற்றால், ரேடியேட்டர் சிறியது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அங்கே குறைவது காற்று.

"புது இன்ஜினுக்குக் குதிரைத் திறன் இரண்டு மடங்காச்சே, சூடும் இரண்டு மடங்கு வராதா?" என்று கேட்கலாம். வராது. வெப்பம் இன்ஜினால் எவ்வளவு முடியும் என்பதைப் பொறுத்ததல்ல, அதனிடம் எவ்வளவு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதே உடல், அதே எடை, அதே எதிர்க்காற்று, அதே 80 கிலோமீட்டர் வேகம் என்றால், சக்கரம் கேட்கும் வேலையும் ஏறத்தாழ அதேதான். திறன் கூடிய இன்ஜின் அந்த வேலையைச் சோம்பலாகச் செய்கிறது, அவ்வளவே. முழுத் திறனையும் பிழிந்தெடுக்கும்போதுதான் கணக்கு மாறும்: 60 கிலோவாட்டைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் இன்ஜின் ஏறத்தாழ அதே அளவைத் தண்ணீரிலும் கொட்டும். ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது இது நடக்கும். அண்ணா சாலை நெரிசலில் நடக்காது.

கணக்கை ஒத்துக்கொண்டால் சோதனையின் வரிசை தானாக அமைகிறது. முதல் கேள்வி: வண்டி உண்மையிலேயே சூடாகிறதா? டேஷ்போர்டில் இருப்பது பழைய காரின் மீட்டர். இன்ஜினில் இருப்பது புது இன்ஜினின் சென்சார். வெப்பத்துக்கு ஏற்ப ஒரு சென்சாரின் மின்தடை மாறும் விதம் வேறு, இந்த மீட்டர் எதிர்பார்ப்பது வேறு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிப் பழகாதவை. 90 டிகிரியிலேயே ஊசி சிவப்பைத் தொடலாம்; 115 டிகிரியிலும் நடுவில் சாவகாசமாக நிற்கலாம். இன்ஜினுக்கும் சேஸிக்கும் இடையே எர்த் வயர் சரியாக இல்லையென்றாலும் ஊசி பொய் சொல்லும். அதோடு, பழைய இன்ஜின்களின் தெர்மோஸ்டாட் 80 டிகிரியை ஒட்டித் திறக்கும். புதியவற்றில் பல 90-ஐ ஒட்டித்தான் திறக்கும், ஃபேன் ஓடத் தொடங்குவதே 95-க்கு மேல். பழைய மீட்டர் அபாயம் என்று காட்டும் இடம் புது இன்ஜினுக்கு அன்றாட வாழ்க்கையாக இருக்கலாம். எனவே துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றால் தெர்மோஸ்டாட் அருகே நேரடியாக அளக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் அந்தக் கருவி குறைத்தே சொல்லும். ரப்பர் ஹோஸின் மேலோ, ஒட்டிய காகித டேப்பின் மேலோ காட்டினால் உண்மை வரும்.

உண்மையிலேயே சூடுதான், அதுவும் நிற்கும்போது மட்டும்தான் என்றால், விசாரணை ஃபேனில் தொடங்கட்டும். பழைய அமைப்பில் ஃபேன் வாட்டர் பம்ப் தண்டிலேயே, ரேடியேட்டருக்கு ஒட்டினாற்போல் சுற்றியது. புது இன்ஜின் சில அங்குலம் பின்னால் தள்ளி உட்கார்ந்தால், ஃபேன் ரேடியேட்டரை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றிக் கடையும். அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஃபேன் கவரை, இடம் இல்லை என்று பலர் பொருத்துவதே இல்லை. இடமில்லாமல் எலக்ட்ரிக் ஃபேன் வைத்தவர்கள் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருந்தால் அது பின்னாலிருந்து முன்னால் ஊதும். வண்டி மெதுவாகப் போகும்போது எதிரே வரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். ஃபேன் ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு முழுத் தாளைக் காட்டினால் அது உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஒட்டி மற்ற இடத்தில் படபடத்தால் கவர் இல்லை என்று பொருள். நம் பக்கம் பறந்து வந்தால் ஃபேன் தலைகீழ். பெரிய ரேடியேட்டருக்கான பணத்தை மிச்சப்படுத்தும் சோதனை இது.

நின்றால் குளிர்கிறது, நெடுஞ்சாலையில் சூடாகிறது என்றால் கதை வேறு. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும், ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இப்போது சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேல். அதை மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சொல்லிவிடும். 17 கிலோவாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீர் சுமந்தால், ரேடியேட்டருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் வித்தியாசம் 4 டிகிரிதான் இருக்கும். ஓட்டம் 10 லிட்டராகச் சுருங்கினால் அதுவே 24 டிகிரி ஆகும். ஆகவே இரண்டு ஹோஸுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் தண்ணீர் ஓடவில்லை. இரண்டுமே கொதித்துக்கொண்டு இடைவெளி சிறிதாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை எடுக்கவில்லை. ஓட்டம் ஏன் குறைந்தது? புது இன்ஜினையும் பழைய ரேடியேட்டரையும் இணைக்க, கைக்குக் கிடைத்த ஹோஸை வெட்டிப் போட்டிருப்பார்கள். கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே ஸ்பிரிங் இல்லாவிட்டால் ஆர்.பி.எம். ஏறும்போது உறிஞ்சிய வேகத்தில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும், இன்ஜினை அணைத்ததும் பழையபடி உருண்டுவிடும். நின்ற வண்டியில் பார்த்தால் குற்றமே தெரியாது. யாராவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். ஏ.சி. கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு பெல்ட்டைச் சுற்றுவழி மாற்றிப் போட்டால், சில இன்ஜின்களில் பம்ப் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். விசித்திரம் என்னவென்றால், தலைகீழாகச் சுற்றும் பம்பும் கொஞ்சம் தண்ணீரைச் சரியான திசையிலேயே தள்ளும். ஊருக்குள் சமாளித்துவிட்டு, வேகம் எடுத்ததும் காலை வாரும்.

இதில் எந்த வரிசைக்கும் அடங்காமல், ஒரு நாள் கொதித்து மறுநாள் சும்மா இருந்தால், ஊசி திடீரென்று ஏறித் திடீரென்று விழுந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைச் சந்தேகிக்க வேண்டும். கூலிங் அமைப்பில் ஊற்றும் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். பழைய பானெட்டுக்குள் புது இன்ஜின் கொஞ்சம் தூக்கலாகவோ சாய்வாகவோ உட்கார்ந்தால், ரேடியேட்டர் மூடியைவிட இன்ஜின் தலை மேலே போய்விடும். ஊற்றும் தண்ணீர் வாய்வரை நிறைந்து நிற்கும், இன்ஜின் தலையிலோ காற்றுக் குமிழ் குடியிருக்கும். தண்ணீர் தொடாத உலோகத்தை எந்த ரேடியேட்டராலும் குளிர்விக்க முடியாது. அமெரிக்காவில் பழைய கார்களில் அதிகம் ஏற்றப்படும் ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வி-8 இன்ஜின் இதற்கு நல்ல சாட்சி. 1997 கார்வெட்டில் வந்த அந்த வரிசையில், சிலிண்டர் ஹெட்டில் சேரும் நீராவியை வெளியேற்றவே தனிச் சிறு குழாய் உண்டு. வண்டி மாற்றி ஏற்றும்போது அது எதற்கு என்று தெரியாமல் அடைத்துவிட்டால், இன்ஜின் நல்லது, ரேடியேட்டர் பெரியது, வண்டி மட்டும் கொதிக்கும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சா சரியாயிடும், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்பது பட்டறைகளில் வாழும் இன்னொரு நம்பிக்கை. சில வண்டிகளில் கழற்றியதும் சூடு குறைவது உண்மை. அப்படிக் குறைந்தால் அந்தத் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டிருந்தது என்று பொருள். போட வேண்டியது புதியது. ஆனால் பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை: சூடேறியதும் ரேடியேட்டர் பாதையைத் திறக்கும், அதே அசைவில் குறுக்குவழியான பைபாஸை மூடும். அதைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். கழற்றியபின் சில வண்டிகள் கூடுதலாகக் கொதிப்பது இதனால்தான். "தண்ணி வேகமா ஓடினா ஆற நேரம் கிடைக்காது" என்று அதற்குச் சொல்லப்படும் விளக்கம் நிற்காது. ஒரு சுற்றில் நேரம் குறைந்தாலும் சுற்றுகள் அதிகம். ஓட்டம் கூடினால் வெப்பம் கடத்துவதும் கூடத்தான் செய்யும்.

வெயிலை ஒதுக்கிவிட முடியுமா என்றால், முடியாது. இந்த ஒரு ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ரேடியேட்டர் தள்ளும் வெப்பம், தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95, காற்று 25 என்றால் வித்தியாசம் 70. சித்திரை வெயிலில் காற்று 40 ஆனால் வித்தியாசம் 55. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. முன்னால் ஏ.சி. கண்டென்சர் இருந்து காற்று 50 டிகிரியாகி வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. அந்த நிலையில் ஆள் நிறைந்த வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறினால், வேகம் இல்லாததால் எதிர்க்காற்றும் இல்லை, இன்ஜினோ முழு மூச்சில் உழைக்கிறது. சமவெளியில் எல்லாச் சோதனையிலும் தேறி, இங்கே மட்டும் நிதானமாக, சீராகச் சூடேறும் வண்டிக்கு ரேடியேட்டர் உண்மையிலேயே போதவில்லை. அதற்குப் பெரியது போடத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பழைய சாமான் கடையில் வாங்கிய இன்ஜின் முன்பே ஒருமுறை கொதித்து, ஹெட் கேஸ்கெட் போனதாக இருக்கலாம். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதற்கென உள்ள நீலத் திரவத்தின் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நிறம் மஞ்சளாகிவிடும். சூடான வண்டியில் மூடியை மட்டும் அவசரமாகத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருந்த தண்ணீர், திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும்.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும்: "பெரிய ரேடியேட்டர் போட்டுத்தானே எத்தனையோ வண்டி சரியாயிருக்கு?" ஆம். ஆனால் ரேடியேட்டரை மாற்றும்போது வேறு என்னவெல்லாம் மாறின என்று பார்க்க வேண்டும். பழைய ஹோஸ் போய்ப் புதியது வந்தது. தளர்ந்த மூடி போனது. தண்ணீரை இறக்கி நிதானமாக நிரப்பியதில் உள்ளே இருந்த காற்று வெளியேறியது. கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருந்த இடுக்கு அடைபட்டது. ஐந்து மாற்றத்தில் எது குணப்படுத்தியது என்று தெரியாதபோது, அதிகம் செலவானதற்கே பேர் போகிறது. இன்னொரு ஏமாற்றும் உண்டு. தள்ளவேண்டிய வெப்பத்தில் 1 கிலோவாட் மட்டும் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 33 வினாடி ஆகும், 12 லிட்டர் ஏற 50 வினாடி. குறை அப்படியே இருக்க, கொதிப்பது மட்டும் தள்ளிப்போகிறது. பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று சாவியைக் கொடுக்கும்போது அந்தத் தாமதமே குணமாகத் தெரியும். ஆள் ஏற்றி ஊர் தாண்டும் அன்று தெரியாது. ஒரு தாளும் ஒரு வெப்பமானியும் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் வண்டி பதில் சொல்லி முடித்தபிறகு ரேடியேட்டர் மேல் சந்தேகம் இன்னும் மிஞ்சியிருந்தால், அப்போது வாங்கும் ரேடியேட்டர் ஊகத்தில் வாங்கியதாக இருக்காது.

(அடுத்த வாரம்: புது இன்ஜின், பழைய பிரேக் – நிறுத்துவதன் கணக்கு)