காட்டில் ஜி.பி.எஸ். கருவியை எதற்கு நம்பலாம்?

ஆனைமலைச் சோலைக்காட்டில் ஒரு மாதிரிப் புள்ளியைக் குறிக்க, முன்பெல்லாம் "ஓடையைத் தாண்டி, சாய்ந்த மரத்துக்கு மேற்கே" என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். ஒரு பருவமழை போதும், அந்த மரம் இருக்காது. இன்று கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இடம் பதிவாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு வனக்காப்பாளர் போனாலும் அந்த இடத்தின் அருகே போய் நிற்பார். காட்டு வேலைக்கு இது பெரிய வரம்.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. திறந்தவெளியில் பிழை பெரும்பாலும் 5 மீட்டருக்குள்தான்.

மரங்களுக்கு அடியில் கதை வேறு. வந்துசேரும் சமிக்ஞை மிக மெல்லியது. மழையில் நனைந்த இலைகள் அதை மேலும் உறிஞ்சிவிடும். அடிமரங்களிலும் பாறைகளிலும் பட்டுத் திரும்பும் சமிக்ஞை தாமதமாக வருவதால் செயற்கைக்கோளின் தூரம் கூடுதலாகக் கணக்காகிறது. பள்ளத்தாக்கில் நின்றால் பாதி வானம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். பிழை 10 மீட்டரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். திரையில் '±4 மீ' என்று காட்டுவதும் கருவியின் சொந்த மதிப்பீடே. பட்டுத் திரும்பிய சமிக்ஞை எது என்பது அதற்குத் தெரியாது. ஒரே இடத்தில் சில நிமிடம் நின்று சராசரி எடுப்பது நல்லது. அருகே திறப்பு இருந்தால் அங்கே பதிவுசெய்து, மீதித் தூரத்தை நாடாவாலும் திசைகாட்டியாலும் அளப்பது அதைவிட நல்லது.

பழைய டோபோ வரைபடங்களோடு ஒப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவை 'எவரெஸ்ட்' எனப்படும் புவி அளவீட்டு அடிப்படையில் (datum) வரையப்பட்டவை. கருவியில் அமைத்திருக்கும் அடிப்படை வேறாக இருந்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

என் கவலையெல்லாம் சிறு நிலங்களைப் பற்றியது. 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு பழங்குடிக் குடும்பம் தான் உழுதுவரும் நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, உரிமை கோரலாம். அதை இந்தக் கருவியால் அளக்கும்போது, 50 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தில் நான்கு எல்லைகளும் 5 மீட்டர் உள்ளே நகர்ந்தால் 2,500 சதுர மீட்டர் 1,600 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அவ்வளவு சிறிய நிலத்தை மர நிழலில் இந்தக் கருவியை மட்டும் நம்பி அளக்கவே கூடாது.

செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பமும் மற்ற சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது என்று அந்தச் சட்டத்தின் 2012 திருத்த விதிகள் சொல்கின்றன. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் வயலின் வரப்பும் சட்டப்படி சான்றுகளே. அளக்க வருபவர்களிடம் அவற்றையும் பதிவுசெய்யும்படி கேளுங்கள்.