ஆகாய மார்க்கத்தின் தூரமும் காலமும்

ஓர் ஊருக்கு உள்ள தூரம் தெரிந்தால், பிரயாண காலமும் தானே தெரிந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். தரை மார்க்கத்தில் இது பெரும்பாலும் பொருந்தும். ஆகாய மார்க்கத்தில் பொருந்துவதில்லை. லண்டனிலுள்ள ஹீத்ரோ விமான நிலையத்தையும், நியூயார்க்கிலுள்ள கென்னடி விமான நிலையத்தையும் உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, தூரம். பூகோள உருண்டையின்மேல் இவ்விரண்டு இடங்களுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்நூல் வடக்கே ஏறி, அயர்லாந்தைக் கடந்து, நியூபவுண்ட்லாந்தின் பக்கமாகச் செல்லக் காண்போம். தேசப்படத்தில் வளைவாகத் தோன்றும் அவ்வழியே மிகக் குறுகிய வழியாம். அதன் நீளம் ஏறக்குறைய 5,550 கிலோமீட்டர்.

இரண்டாவது, காலம். லண்டனிலிருந்து மேற்கே செல்ல ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். திரும்பி வருவதற்கோ 7 மணி நேரமே போதும். தூரம் ஒன்றாயிருக்கக் காலம் வேறாவது ஏன்? சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்னும் பெருங்காற்று ஆறுபோல் ஓடுகின்றது. ஆற்றோடு போகும் ஓடம் விரைவதும், எதிர்த்து ஏறும் ஓடம் தாமதிப்பதும் நாம் அறிந்ததன்றோ? 2020 பிப்ரவரியில், புயலால் இக்காற்று மிக வலுத்திருந்தபோது, நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு விமானம் 4 மணி 56 நிமிஷத்தில் லண்டன் சேர்ந்தது.

அப்படியாயின், போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாமே என்று சிலர் கூறக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். தூரம் 5,400 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். காற்றில்லையேல் போக்குவரத்துக்கு 12 மணி நேரம். காற்றிருப்பின், எதிர்த்துப் போக 6 மணி 45 நிமிஷம். உடன் வர 5 மணி 24 நிமிஷம். மொத்தம் 12 மணி 9 நிமிஷம். காற்றின் தீமையை நெடுநேரமும், நன்மையைக் குறுகிய நேரமும் அனுபவிப்பதால், இழப்பு முற்றும் ஈடாவதில்லை.

இது வெறும் வேடிக்கைக் கணக்கன்று, உயிர்க் கணக்காகும். நடுக்கடலில் நின்று எண்ணெய் நிரப்புதல் இயலாது. ஆதலின், தூரத்தை மட்டுமன்றிக் காற்றையும் அளந்தே விமானத்தில் எண்ணெய் ஏற்றுகின்றனர். 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு, காற்றோடு கிழக்கு நோக்கி, ஏறக்குறைய 16 மணி நேரம் இடைவிடாது பறந்தனர். காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி அவ்வாறே சமுத்திரத்தைக் கடக்க 1928 ஏப்ரல் வரை எந்த விமானத்தாலும் இயலவில்லை. அவ்வாண்டில் அயர்லாந்தினின்று புறப்பட்ட பிரேமன் என்னும் விமானம் கனடாவிலுள்ள ஒரு சிறு தீவை அடைவதற்கு 36 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஆகவே, தூரம் எவ்வளவு என்று வினவுவதோடு அமையாது, காற்று எத்திசையினது என்றும் வினவுதல் வேண்டும்.