மனநல ஆலோசனை முடிந்ததும் மனம் கனப்பது ஏன்?

மனநல ஆலோசனைக்குச் சென்று வருபவர் பாரம் இறங்கிய மனத்துடன் வெளியே வருவார் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் முதல் சில அமர்வுகளுக்குப் பிறகு, போனபோது இருந்ததைவிடக் கனத்த மனத்துடன் வீடு திரும்புவோர் பலர். "பேசாமல் இருந்தபோதே நன்றாக இருந்தது" என்று முடிவுசெய்து, அடுத்த அமர்வுக்குச் செல்லாமல் நின்றுவிடுவோரும் உண்டு. அந்தக் கனம் சிகிச்சை தோற்றதன் அறிகுறியா, அது உள்ளே இறங்கத் தொடங்கியதன் அறிகுறியா என்பதை அவர்களுக்கு யாரும் முன்கூட்டியே விளக்குவதில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பல்வேறு மனநலப் பாதிப்புகள் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறுவதில்லை. இவ்வளவு பேர் வாசலுக்கே வராத நாட்டில், தயங்கித் தயங்கி வந்த ஒருவர் இரண்டாவது வாரத்திலேயே திரும்பிப் போவது சிறிய இழப்பன்று. உலக அளவில் 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, உளவியல் சிகிச்சையைத் தொடங்குவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதைப் பாதியில் கைவிடுவதாகக் கணக்கிட்டது.

முந்தைய இரவு

உணர்வுகளின் ஏற்ற இறக்கம் அமர்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று மனத்துக்குள் ஒத்திகை நடக்கிறது. சிலருக்குத் தூக்கம் கெடுகிறது, சிலருக்கு வயிற்றைப் பிசைகிறது. "இந்த வாரம் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, எதற்காகப் போக வேண்டும்?" என்ற எண்ணமும் பெரும்பாலும் அந்த நாளில்தான் தலைகாட்டுகிறது. சிகிச்சையாளரே தொலைபேசியில் அழைத்து அமர்வை ஒத்திவைத்தால், தப்பித்தோம் என்ற நிம்மதியும் கைவிடப்பட்டோம் என்ற வருத்தமும் ஒரே நேரத்தில் எழுவதுண்டு. இவை முரண்பாடுகளல்ல. வலிக்கும் இடத்தைத் தொடப் போகிறார்கள் என்று தெரிந்த உடல், தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது.

இதனுடன் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவாரோ, சொன்னது பெற்றோர் காதுக்கோ அலுவலகத்துக்கோ போய்விடுமோ என்ற அச்சம் பேச்சையே அடைத்துவிடக்கூடியது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் கடமையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவப் பணியாளர்கள் மீது சுமத்துகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. எது வெளியே போகும், எது போகாது என்று முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு. கேட்பதில் தவறேதும் இல்லை.

கடைசி ஐந்து நிமிடங்கள்

வழக்கமான ஓர் அமர்வு 45 முதல் 60 நிமிடங்கள் நீடிக்கும். அலுவலகச் சண்டை, போக்குவரத்து, மாமியார் சொன்ன ஒரு வார்த்தை என்று நாற்பது நிமிடங்கள் கழியும். எழுந்து கதவருகே செல்லும்போது, "இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்று உண்மையான விஷயம் வெளியே வரும். உளவியல் சிகிச்சையாளர்கள் அனைவருக்கும் பழக்கமான காட்சி இது. மறதி அதற்குக் காரணமன்று. நேரம் முடியப் போகிறது என்ற பாதுகாப்பு இருந்தால்தான் சிலரால் சொல்லவே முடிகிறது. ஆனால் அப்படிச் சொன்னவர், திறந்த காயத்துடன் தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. அன்று மாலை முழுவதும் அவரைச் சூழும் பதற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அமர்வுக்குப் பிந்தைய கனத்துக்கு இன்னும் அடிப்படையான விளக்கமும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் இணைந்து 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தங்கள் வாழ்வின் மிக வேதனையான அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் எழுதும்படி கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் கேட்டனர். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த உடனே சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடச் சோர்ந்த மனநிலையில் இருந்தனர். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைவு. பிற்கால ஆய்வுகள் இந்தப் பலன் சிறியதே என்று காட்டினாலும், உடனடி வேதனையும் பிந்தைய நன்மையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அந்த முடிவு உணர்த்தியது. மிகையான அச்சங்களுக்கான சிகிச்சையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும்போது முதலில் பதற்றம் ஏறும். அந்த ஏற்றத்தின் ஊடாகத்தான், அஞ்சியது நடக்கவில்லை என்பதை மனம் கற்றுக்கொள்கிறது.

இந்தியச் சூழல் இந்தக் கனத்தைக் கூட்டவும் செய்கிறது. கொரோனா காலத்துக்குப் பிறகு இணையவழி ஆலோசனை பெருகியது. ஆனால் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் வாழும்போது கதவை மூடிக்கொண்டு அழுவதற்கு இடம் ஏது? நிறுத்தி வைத்த காருக்குள்ளும் மொட்டை மாடியிலும் அமர்ந்து பேசுகிறார்கள். மடிக்கணினியை மூடிய மறு நிமிடம் "சாப்பிட வா" என்ற குரல் கேட்கிறது, அல்லது அலுவலகக் கூட்டம் தொடங்குகிறது. நேரில் சென்றவருக்காவது பேருந்துப் பயணம் என்ற இடைவெளி கிடைக்கிறது. அமர்வு முடிந்ததும் கால் மணி நேரமாவது வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் நடப்பதோ எழுதுவதோ நல்லது என்பதும், என்ன பேசினாய் என்று வீட்டார் துருவாமல் இருப்பது பேருதவி என்பதும் சாதாரணமாகத் தோன்றலாம். நடைமுறையில் இவையே பெரிதும் கைகொடுக்கின்றன.

"என்ன செய்யட்டும் என்று சொல்லவே இல்லை"

ஏமாற்றம் இன்னொரு வகை. பணமும் நேரமும் செலவழித்து வந்தவருக்கு, எதிரில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி மட்டுமே கேட்பது எரிச்சல் தரலாம். மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேகி இதை 1973-லேயே எழுதினார். மேலைநாட்டு முறை எதிர்பார்க்கும் விலகிய உறவு இந்தியருக்குப் பொருந்தாமல் போகலாம் என்று கருதிய அவர், குரு-சீடர் உறவைச் சிகிச்சைக்கான மாதிரியாக முன்வைத்தார். அவர் முன்வைத்ததை அப்படியே ஏற்கத் தேவையில்லை. குரு என்று வந்துவிட்டால் மறுத்துப் பேசுவது கடினம். ஆனால் வழிகாட்டுதலை எதிர்பார்த்து வருவது நோயாளியின் குறையன்று என்பதில் அவர் கருத்து இன்றும் பொருந்துகிறது.

சிகிச்சையாளர் மீதே கோபமோ பாசமோ பெருகுவதும் இயல்பு. பழைய உறவுகளின் உணர்வுகளைப் புதியவர் மீது ஏற்றிப் பார்ப்பது என்று உளவியல் இதை விளக்குகிறது. 2016-ல் வெளியான 'டியர் ஜிந்தகி' இந்தித் திரைப்படத்தில், சிகிச்சை முடியும் நாளில் தொடர்ந்து சந்திக்க விரும்பும் கதாநாயகியிடம் மருத்துவர் மென்மையாக மறுத்துவிடுவார். திரைப்படங்கள் ஆலோசனை அறையைச் சித்திரிப்பதில் பிழைகள் ஏராளம், இந்த இடம் மட்டும் சரியாக வந்திருக்கிறது. சிகிச்சை முடிவுக்கு வரும்போது ஏற்படும் பிரிவுத் துயரமும் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றுதான்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

எல்லா வேதனையையும் "குணமாவதன் அறிகுறி" என்று பொறுத்துக்கொள்வது ஆபத்து. உளவியல் சிகிச்சை பெறுவோரில் 5 முதல் 10 சதவீதம் பேரின் நிலை மோசமடைகிறது என்பது ஆய்வுலகில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஓரிரு நாளில் தணியும் சோர்வு வேறு. வாரக்கணக்கில் தூக்கம், உணவு, வேலை ஆகியவை சரிந்துகொண்டே போவது வேறு. சிகிச்சையாளர் ஏளனம் செய்கிறார், தம் நம்பிக்கைகளைத் திணிக்கிறார், எல்லை மீறிப் பழகுகிறார் என்றால் அங்கே கனப்பது இயல்பான கனமன்று. ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டியவர் அனைவரும் ஒரே பயிற்சி பெற்றவர்களும் அல்லர். மருத்துவ உளவியலாளர் என்று கூறிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்கலாம்.

இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, அந்த உணர்வையே அடுத்த அமர்வின் முதல் வாக்கியமாக்குவது: "சென்ற வாரம் பேசியபின் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை." பயிற்சி பெற்றவர் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார், வேகத்தைக் குறைப்பார், அல்லது முறையை மாற்றுவார். பலமுறை சொல்லியும் மாற்றமில்லை என்றால் வேறொருவரிடம் செல்லலாம்.

தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அழைக்கலாம்.